வணக்கம் வரதனின் கடைசி வசனம்

சென்னை
6.7.1997

அடியே சுப்பு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஹாஸ்டல் அறையில் நாலு பேர், ஃபேன் ஒன்று, அதுவும் திருநெல்வேலிக்காரி தலைக்கு நேராக. ஓவியக் கல்லூரியில் முதல் நாளே வாத்தியார் ஒரு மண்பானையைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "வரைங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். ஒரு வாரமாக அந்தப் பானையைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். நீ இருந்திருந்தால் அதற்கு மீசை வைத்திருப்பாய்.

நம் நோட்டை ஸ்ரீதேவி பார்த்துவிட்டாள். ஸ்ரீதேவி என்றால் அந்தத் திருநெல்வேலிக்காரிதான். யார் வரைந்தது, எதற்கு இத்தனை காலி இடம் என்று ஒரே கேள்வி. உட்காரவைத்துச் சொன்னேன். பத்தாம் வகுப்பிலிருந்து நானும் கல்பாக்கத்தில் என் சிநேகிதி சுப்ரஜாவும் போடுகிற படக்கதை இது. லைட்ஹவுஸ் காளத்தி என் ஆள். மகாபலிபுரம் கலங்கரை விளக்கத்தின் பெரிய விளக்கைக் கழற்றி, இரண்டு கையாலும் சுமந்துகொண்டு ஊரைக் காப்பவன். வணக்கம் வரதன் அவள் ஆள். யாரைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டே கைகூப்புவான். ஒருத்தர் கும்பிட்டால் நம்மால் திருப்பிக் கும்பிடாமல் இருக்க முடியுமா? கும்பிட்டவன் தொலைந்தான். கூப்பிய கை ஒட்டிக்கொள்ளும். வரதன் ஆற அமர நகைக்கடையைத் துடைத்துவிட்டு, "போயிட்டு வரேன்" என்று விடைபெற்ற பிறகுதான் கை பிரியும். காளத்தியிடம் மட்டும் அவன் ஜம்பம் சாயாது. அவனுக்குத்தான் இரண்டு கையிலும் விளக்கு ஆயிற்றே!

ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நீ. வரதனின் வசனம் உன்னுடையது, காளத்தியின் வசனம் என்னுடையது. அதனால்தான் அடுத்தவள் ஆள் பேசும் இடத்தில் பலூனைக் காலியாக விடுகிறோம் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்த மகராசி வரதன் மூக்கில் விரலை வைத்து, "அப்ப ஹீரோ இவர்தானே?" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவள் ஃபேனை நிறுத்திவிட்டேன்.

முப்பத்தைந்தாம் பக்கம் முடித்து நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். வரதனுக்கு இரண்டு பலூன் காலியாக இருக்கிறது. நீயும் இங்கே வந்திருக்க வேண்டியவள். உன் படம்தான் என் படத்தைவிட நன்றாக இருக்கும், எனக்குத் தெரியும்.

பிரபா


கல்பாக்கம்
19.7.1997

பிரபா,

பானைக்கு மீசை வைத்தால் மார்க் போகும். வைத்துவிடாதே.

செங்கல்பட்டில் பி.எஸ்ஸி. கணக்கு சேர்ந்துவிட்டேன். காலை ஏழு மணி பஸ். ஜன்னலோர இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள். கணக்கு எனக்குப் பிடிக்காது என்று யாரும் சொல்லவில்லையே, அதனால் நீ உச்சுக் கொட்ட வேண்டாம்.

ஆனாலும் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அப்பாவை உனக்குத் தெரியும். டவுன்ஷிப் ஆபீஸில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் பிரிவு. மாடி ஒழுகுகிறது, முழங்கால் வலிக்கிறது, கீழ் வீடு வேண்டும் என்று யார் போனாலும் எழுந்து நின்று கைகூப்புவார். "வணக்கம். உட்காருங்கோ. ரூல்ல இடம் இருக்கான்னு பார்ப்போம்." வந்தவரும் கும்பிடுவார். கும்பிட்டபடியே வெளியே வந்துவிடுவார். வந்த காரியம் என்ன ஆயிற்று என்று சைக்கிள் பூட்டைத் திறக்கும்போதுதான் அவருக்கு ஞாபகம் வரும். அதைப் பார்த்துத்தானே பத்தாம் வகுப்பில் வரதனைச் செய்தேன்! மூக்கோரத்து மச்சம், சட்டைப் பையில் சிவப்பு பேனா ஒன்று, நீலப் பேனா ஒன்று, கழுத்தில் கயிறு போட்ட மூக்குக் கண்ணாடி. எல்லாமே அப்பா. உனக்கும் எனக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஓவியக் கல்லூரி விண்ணப்பத்தை நீட்டினேன். படித்தார். எழுந்தார். பெற்ற பெண்ணிடம், பிரபா, பதினேழு வயசுப் பெண்ணிடம் கைகூப்பினார். "பெரிய மனசு பண்ணும்மா. இது நமக்குச் சரிப்பட்டு வராது" என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? நானும் கும்பிட்டேன். கத்தியிருக்கலாம். சாப்பிடாமல் கிடந்திருக்கலாம். கையைக் கூப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வரதனை உண்டாக்கியவளே அவனிடம் மாட்டிக்கொண்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

முப்பத்தாறாம் பக்கத்தில் வரதன் கலங்கரை விளக்கத்தின் உச்சிக்கு ஏறிவிட்டான். அடுத்தது உன் முறை.

சுப்ரஜா


சென்னை
2.9.1997

சுப்பு,

உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. கைகூப்பி ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்துவாரா ஒரு மனிதர்? எங்கள் அண்ணன் ரவிச்சந்திரன் நான் இங்கே சேர்வதற்கு எப்படிக் குதித்தார் என்று உனக்குத் தெரியும். "மீன் வெட்ற வூட்ல பொறந்துட்டு படம் வரையப் போறியா, இன்னாடி நெனச்சுகினு கீற?" என்று புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டில் இருக்கிற எங்கள் ஐஸ் கடை வாசலில் நின்று கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தினேன். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டார். கத்துகிறவரோடு சண்டையாவது போடலாம். உன் அப்பாவோடு என்ன செய்வது?

அதனால் முடித்துவிட்டேன். முப்பத்தேழாம் பக்கத்தைப் பார். காளத்தி தோளால் ஒரே இடி. வரதன் உச்சியிலிருந்து தலைகுப்புறக் கடலுக்கு. இதுவரை நான் வரைந்த பக்கங்களிலேயே இதுதான் உருப்படியானது என்று ஸ்ரீதேவியே சொன்னாள். விழும்போது வரதன் சொல்கிற கடைசி வசனத்துக்குப் பெரிய பலூனாக விட்டிருக்கிறேன். உன் கையால் எழுது. எழுதினால் உன் மனசு ஆறும்.

பிரபா


கல்பாக்கம்
11.9.1997

பிரபாவதிக்கு,

நோட்டின் முதல் பக்கத்தில் நாம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. ஒருத்தி ஆளை இன்னொருத்தி கேட்காமல் கொல்லக் கூடாது. கேட்டாயா?

அவன் யார் என்று தெரிந்தே தள்ளியிருக்கிறாய். அவர்மேல் கோபப்பட எனக்கு உரிமை இருக்கிறது. உனக்கு யார் கொடுத்தது? நேற்று சாயங்காலம் அவர் மழையில் நனைந்துகொண்டு எனக்காக லாகரிதம் புத்தகம் வாங்கிவந்தார். நான் உள் அறைக்குப் போய் அவர் தலைகீழாக விழுகிற படத்தைப் பார்க்கிறேன்.

பலூன் காலியாகவே கிடக்கட்டும். நோட்டைப் பழைய பேப்பர் மூட்டையில் போட்டுவிட்டேன். இனி எழுதாதே.

கோ. சுப்ரஜா


கல்பாக்கம்
14.9.2003

பிரபாவதிக்கு,

ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். உன் ஈமெயில் விலாசத்தை ரவி அண்ணன் கொடுத்தார். வேண்டாம் என்றேன். நம் சண்டை தபாலில் தொடங்கியது, தபாலிலேயே நடக்கட்டும்.

போன ஞாயிறு புதுப்பட்டினம் மார்க்கெட்டில் உன் அண்ணன் கூப்பிட்டார். ஐஸ் கடையில் நாலு பேர் ஒரு கலர் செல்போனைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். "டீச்சரம்மா, வாங்க வாங்க! எங்க பிரபா பெங்களூர்ல செஞ்ச கேமு. இன்னும் கடைக்கே வரல, எனக்குன்னு போட்டுக் குடுத்துகீது. பேரு இன்னா தெரியுமா? கும்பிடாதே!" என்று என் கையில் கொடுத்தார்.

வரதன் வந்தான். கட்டைவிரல் அளவு ஆள். மச்சம் இருக்கிறது. சிவப்பு ஒரு புள்ளி, நீலம் ஒரு புள்ளி, சட்டைப் பையில். கயிறு போட்ட கண்ணாடி. கைகூப்புகிறான். ரவி அண்ணன் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த ஆள எங்கியோ பாத்த மாரியே கீதே?" என்றார். நான் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் குறைகளை வரிசையாகச் சொல்கிறேன். கேட்காமல் கொன்றாய், அது ஒன்று. ஆறு வருஷம் கழித்துக் கேட்காமல் உயிர்ப்பித்தாய், அது இரண்டு. மூன்றாவதுதான் பெரிசு. வருகிற அக்டோபர் 31 அன்று அப்பா ரிடையர் ஆகிறார். முப்பத்தாறு வருஷ சர்வீஸ். கோதண்டராமன் என்றால் இந்த ஊரில் யாரும் ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை. அந்த மனுஷனைத் திருடனாக்கி செல்போனில் போட்டு, ஊரே பட்டனைத் தட்டிக் கடலில் தள்ளிச் சிரிக்கப்போகிறது. அதை வரைந்து வைத்தவள் பெற்ற பெண் என்று தெரிந்தால் அவர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

அந்த முகத்தை மாற்று. வேறெதுவும் நான் கேட்கவில்லை.

சுப்ரஜா


பெங்களூர்
22.9.2003

சுப்பு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஆபீஸ் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். திட்டுவதற்காகவாவது எழுதினாயே. ஆறு வருஷமாகப் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் உங்கள் தெரு முனை வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கிறேன்.

மன்னித்துவிடு. அந்தப் பக்கத்துக்கும் சேர்த்து. உன் கோபத்தை நான் எடுத்துக்கொண்டு ஆடிவிட்டேன்.

இதுவும் தப்புதான். ஆனால் எப்படி நடந்தது என்று கேள். முதலாளி ஒரு விளையாட்டு கேட்டார், ஒரு விரலால் ஆடுகிற மாதிரி. காளத்தியைக் கொடுத்தேன். விளக்கோடு ஓடுவான், குதிப்பான், கெட்டவர்களை இடிப்பான். "நல்லாத்தான் இருக்கு" என்றார். நல்லாத்தான் என்றால் வேலைக்கு ஆகாது என்று அர்த்தம். ஒரு வாரம் யோசித்தேன். வேறு வழி தெரியாமல் வரதனை உள்ளே விட்டேன். ஆடுகிறவர் ஊர்க்காரர், காளத்தி வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும். வரதன் கும்பிட வரும்போது கையில் எதையாவது தூக்கிக்கொண்டால் பிழைக்கலாம். தண்ணீர்க் குடம், பலாப்பழம், பக்கத்து வீட்டு ஆடு, எதுவானாலும் சரி. சும்மா நின்றால் கை தானாகக் கூப்பிக்கொள்ளும், ஆட்டம் குளோஸ். ஆபீஸில் பத்துப் பேருக்கு ஆடக் கொடுத்தோம். அப்புறம் ஹீரோ பேர் என்ன என்று கேட்டால் ஒருத்தருக்கும் ஞாபகமில்லை! ஒருவன் "அந்த பல்பு தூக்குறவர்" என்கிறான். வரதனைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எங்கள் அண்ணனே போனில் "உன் ஹீரோ இன்னாம்மா சோப்பு டப்பா மாரி கீறான், அந்த வணக்கம் பார்ட்டி தான் கெத்து" என்கிறார். என் வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்ல!

இன்னொன்று உனக்குச் சொல்ல வேண்டும். போனில் தமிழ் எழுத்து வராது, அதனால் வசனத்தையெல்லாம் படமாக எழுதி வைக்கிறோம். வரதன் பேசுவதெல்லாம் நீ எழுதினவைதான், ஒன்றுவிடாமல் எனக்கு மனப்பாடம். கடைசிக் காட்சியில் அவன் விழும்போது மட்டும் பலூன் காலி. சோதனை செய்கிற பையன்கள் "இங்கே வசனம் விட்டுப்போச்சு" என்று பதிமூன்று தடவை பிழைப் பட்டியலில் எழுதிவிட்டார்கள். பதிமூன்று தடவையும் "அது அப்படித்தான்" என்று எழுதி மூடினேன். நான் எழுதினால் அது வரதன் பேச்சாக இருக்காது. அது உன் பலூன்.

அக்டோபர் 20 வரை மாற்றலாம். அதற்குப் பிறகு என் கையில் இல்லை. நீ சொல்கிறபடி செய்கிறேன்.

பிரபா


கல்பாக்கம்
1.10.2003

பிரபா,

மச்சத்தை எடு. பேனா இரண்டையும் எடு. கண்ணாடியும் கயிறும் வேண்டாம். வழுக்கைத் தலையாக்கி முரட்டு மீசை வை. கும்பிடுவது இல்லாமல் உன் விளையாட்டு இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

நீ ஒன்றும் குற்ற உணர்ச்சியில் கிடந்து தவிக்க வேண்டாம். நான் கருங்குழியில் பள்ளிக்கூட வேலையில் இருக்கிறேன். இரண்டு பஸ் மாறிப் போகிறேன். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் ஐம்பத்திரண்டு பிள்ளைகள். முக்கோணத்துக்குக் கண்ணும் மூக்கும் போட்டு, இவர் கர்ணம், செங்கோணத்துக்கு எதிரே ராஜா மாதிரி படுத்திருப்பார் என்று சொல்லிக் கொடுத்தால் ஒருத்தரும் மறப்பதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. சில நாள் கரும்பலகையை அழிக்க மனசு வராது, அவ்வளவுதான்.

அப்பா அதே மாதிரிதான். ரிடையர் ஆன பிறகும் நாலு மாசம் குவார்ட்டர்ஸில் இருக்கலாமாம். அவர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். வரிசையில் காத்திருக்கிறவர் பெயர் அவருக்குத் தெரியுமாம். நவம்பர் ஒன்றாம் தேதியே சாவியைக் கொடுத்துவிட்டுச் செங்கல்பட்டு வீட்டுக்குப் போகிறோம். அம்மா பாலாம்பாள் நாற்பது அட்டைப்பெட்டியைக் கட்டிவிட்டு, கட்டிய நாற்பதிலும் தோசைக்கல்லைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

இவரையா கடலில் தள்ளுவது? மாற்றிவிடு, பிரபா. கெஞ்சிக் கேட்கிறேன்.

சுப்ரஜா


கல்பாக்கம்
6.10.2003

பிரபா, பிரபா,

எதையும் மாற்றாதே! முந்தின கடிதத்தைக் கிழித்துப் போடு. மச்சத்தை எடுத்திருந்தால் திரும்ப வை. நிதானமாகச் சொல்ல முயற்சி பண்ணுகிறேன்.

ஆயுத பூஜையன்று உன் அண்ணன் பொரி, கடலை, வாழைப்பழத்தோடு வீட்டுக்கு வந்தார். நான் சமையலறையில் அம்மாவோடு இருந்தேன். வெளியே வந்து பார்த்தால் செல்போன் அப்பா கையில்! ரவி அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "சாமான தூக்கு சார், சாமான தூக்கு! அய்யய்யோ, கும்ட்டுட்டியே!" என்று கத்துகிறார்.

அப்பா மூன்று தடவை தோற்றார். நாலாம் தடவை பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு தப்பித்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு போனைக் கிட்டே வைத்துப் பார்த்தார். தன் சட்டைப் பையைக் குனிந்து பார்த்தார். சிவப்பு, நீலம். அப்புறம் ரவி அண்ணனிடம், "காளத்திக்கு அஞ்சு உயிர், இவருக்கு மூணுதானா? இது எந்த ரூல்ல இருக்கு?" என்று கேட்டார். ரவி அண்ணன் "சார், அது வில்லன் சார்" என்றார். "வில்லனா இருந்தா என்ன, சமமாத்தானே ஒதுக்கணும்" என்றார் அப்பா.

ராத்திரிச் சாப்பாட்டின்போது மூட்டை கட்டுவதைப் பற்றித்தான் பேசினார்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த புத்தகங்களை எடுத்து ஒரு பக்கமாவது படிக்க வேண்டும் அல்லவா? என் பாடப் புத்தகத்துக்குக் கையை நீட்டினேன். "அது இருக்கட்டும், இதை எடு" என்று அடுக்கில் அடியில் இருந்ததை அப்பா உருவினார். காக்கி அட்டை போட்டது. ஆபீஸ் ரூல் புத்தகம் என்று நினைத்து வருஷா வருஷம் நானே அதன்மேல் குங்குமம் வைத்திருக்கிறேன். பிரித்தேன்.

நம் நோட்டு.

ஆறு வருஷம் முன்னால் பழைய பேப்பர் மூட்டையிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். "வித்யையைக் குப்பையில போடப்படாது" என்றார். "அப்பா, படிச்சேளா?" என்று கேட்டேன். "பத்தாவதுலேர்ந்தே படிக்கறேன். நீதான் ஃப்ரிட்ஜ் மேல வைப்பியே. ஒவ்வொரு தடவையும் நோட்டு திரும்பி வந்தா அடுத்த பக்கம் என்னன்னு எனக்கு இருப்பே கொள்ளாது" என்றார்! அது அவர்தான் என்று தெரியுமா என்று கேட்பதற்குள் அவரே மச்சத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்: "நன்னாப் பேசறான். நான் அவ்வளவு நன்னாப் பேச மாட்டேன்."

அப்புறம் முப்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். காலிப் பலூனில் விரலை வைத்து, "ஆறு வருஷமா இதுக்குத்தான் காத்துண்டிருக்கேன். கடைசியா என்ன சொன்னேன்னு நீ எழுதவே இல்லையே" என்றார்.

நான் உடைந்துவிட்டேன், பிரபா. விண்ணப்பம், பெரிய மனசு, கைகூப்பினது எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தினேன், ஆமாம், நான்தான். அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். அப்பா கைகூப்பவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்டார். "பயந்துட்டேன்மா. வரையறதை நம்பி நீ எப்படிப் பிழைப்பேன்னு பயம். அதைச் சொல்லத் தெரியலை. கும்பிட்டுட்டேன். நீயும் கும்பிட்டே, பேச்சு அதோட முடிஞ்சுபோச்சு. அன்னிக்கே இப்படிக் கத்தியிருக்கலாமே நீ" என்றார். என் தலையைத் தடவினார். கடைசியாக அப்படித் தடவியது நான் ஐந்தாம் வகுப்பில் கீழே விழுந்தபோது.

அழுது முடித்த பிறகு, அவர் சட்டைப் பையிலிருந்த பேனா இரண்டையும் எடுத்து நீட்டினேன். "நீங்களே எழுதுங்கோ, உங்க வசனம்தானே" என்றேன். சிவப்பா, நீலமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். நீலத்தில் எழுதினார். எழுதிய பலூனை இத்துடன் வெட்டி அனுப்புகிறேன். "போயிட்டு வரேன்". வேறு எதைச் சொல்லப்போகிறான் வரதன்?

அந்தக் கையெழுத்தையே போடு.

சுப்பு


பெங்களூர்
15.10.2003

என் சுப்பு,

முகத்தை மாற்றச் சொன்ன உன் கடிதம் வந்த அன்றே மச்சத்தை எடுத்தேன், பேனாவை எடுத்தேன், மொட்டை போட்டு மீசை வைத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. சோதனைப் பையன்கள் "யார் இந்த ரவுடி, அவரைக் கூப்பிடுங்க" என்று சண்டைக்கு வந்தார்கள். அடுத்த கடிதம் வந்ததும் எல்லாவற்றையும் பழையபடி திரும்ப வைத்தேன்.

அப்பாவின் கையெழுத்தை ஸ்கேன் செய்து, புள்ளி புள்ளியாக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பலூனுக்குள் சேர்த்தேன். "வ" போடும்போது ஒரு வளைவு அதிகமாகப் போடுகிறார், அதையும் விடவில்லை. முதலாளி வடக்கத்திக்காரர். "சாகப் போகிறவன் திரும்பி வருவேன் என்று ஏன் சொல்கிறான்?" என்று கேட்டார். எனக்கு முன்னால் கன்னடக்காரப் பையன்களே, "எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வோம், போகிறேன் என்று சொன்னால் அம்மா உதைப்பாள்" என்று விளக்கிவிட்டார்கள். முதலாளி மேசையைத் தட்டினார். "அப்படியென்றால் இவன் திரும்பி வருகிறான். இரண்டாம் பாகம் போடுங்கள்" என்றார்.

பதினான்காவது பிழை அறிக்கை நேற்று வந்தது. வரதனுக்கும் இப்போது ஏன் ஐந்து உயிர் என்று கேட்டிருந்தார்கள். "ரூல்படி சமமாக ஒதுக்கப்பட்டது" என்று எழுதி மூடிவிட்டேன். அப்பாவிடம் சொல்லு.

இப்போது நேராகவே கேட்கிறேன். கேட்காமல் செய்து இரண்டு தடவை உதை வாங்கியாயிற்று. இரண்டாம் பாகத்தில் வரதனை நீ வரைவாயா? வேலையை விட வேண்டாம். சனி, ஞாயிறு போதும். தாளில் வரைந்து தபாலில் அனுப்பு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். பெயர் இரண்டு பேரும் போட்டுக்கொள்வோம், உன் பெயர் முதலில்.

தீபாவளிக்கு எனக்கு லீவு இல்லை. அண்ணன் பலகாரத்தோடு இங்கே வருகிறார். புது விளையாட்டை அவர் போனில் போட்டு அனுப்புகிறேன்.

பிரபா


செங்கல்பட்டு
2.11.2003

பிரபா,

புது வீட்டிலிருந்து எழுதும் முதல் கடிதம் இது. தோசைக்கல் இருபத்தேழாம் பெட்டியில் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை விழாவைச் சொல்கிறேன். தீபாவளி முடிந்து திரும்பியதிலிருந்து உன் அண்ணன் ஐஸ் கடையில் வந்தவர் போனவர் எல்லாருக்கும் போனைக் கொடுத்து ஆடவைத்திருக்கிறார். ஆபீஸில் பாதிப் பேர் மீன் வாங்கப் போனவர்கள்தானே. எனக்கு அது தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது.

ஹாலில் இருநூறு பேர் இருக்கும். மாலை போட்டார்கள், கடிகாரம் கொடுத்தார்கள், நாலு பேர் பேசினார்கள். கீழ் வீடு கேட்டு நாலு வருஷம் நடந்த லட்சுமணன் சாரும் பேசினார். "நாலு வருஷமும் எனக்கு வணக்கம்தான் கிடைச்சுது. ஆனா எனக்கு முன்னாடி வேற யாருக்கும் வீடு போகலை" என்றார். அப்பா ஏற்புரைக்கு எழுந்தார். எழுதிவைத்த தாளைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்னால், வழக்கம்போல, சபையைப் பார்த்துக் கைகூப்பினார்.

இருநூறு பேரும் கூப்பினார்கள்.

அப்பா கையை இறக்கினார். ஒருத்தரும் இறக்கவில்லை. அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, மறுபடி கும்பிட்டுப் பார்த்தார். அவர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ரவி அண்ணன் முன்வரிசையில் எழுந்து நின்று, கையைப் பிரிக்க முடியாமல் இழுத்து இழுத்துக் காட்டினார். "சார், ஒட்டிக்கிச்சு சார்! நீ சொன்னாத்தான் வுடும்!" என்று கத்தினார். அப்பா என்னைப் பார்த்தார். நானும் கூப்பிய கையோடுதான் உட்கார்ந்திருந்தேன். அம்மாவும்.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அதிக நேரம் துடைத்தார். பேச எழுதிவைத்த தாளை எடுக்கவே இல்லை. மைக்கிடம் வந்து, "போயிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார். இருநூறு பேர் கையும் பிரிந்து தட்டிய தட்டலில் ஹால் அதிர்ந்தது. அப்பா அழுதுவிட்டார், பிரபா. சந்தோஷமாக அழுதார். முப்பத்தாறு வருஷத்தில் அவர் ரூலை மீறி நேரத்தை எடுத்துக்கொண்டது அழுது முடிக்க ஆன அந்த ஐந்து நிமிஷம்தான்.

வரைகிறேன். சனி, ஞாயிறு மட்டும். ஒன்பது பி பிள்ளைகளை விட்டுவிட்டு என்னால் வர முடியாது. பெயர் ஆங்கில அகரவரிசையில் போடு. நீ முதலில் வந்தால் வருத்தமில்லை, வில்லன் என்னுடையவன்.

நோட்டையே அனுப்புகிறேன். வெட்டிய இடத்தில் பின்னால் காகிதம் ஒட்டி, அப்பா மறுபடி அதே வசனத்தை எழுதிக் கொடுத்தார். முப்பத்தெட்டாம் பக்கம் இன்று காலை முடித்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தார். வரதன் சொட்டச் சொட்ட நனைந்து மகாபலிபுரம் கரையேறுகிறான், பேனா இரண்டும் பத்திரமாக இருக்கிறது. எதிரே காளத்தி. விளக்கைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, முதல் தடவையாக வெறும் கையோடு நிற்கிறான்.

அவன் பலூனைக் காலியாக விட்டிருக்கிறேன். நீ எழுது.

சுப்பு